சிவப்பு விளக்கில் நின்றவர்

மதுரைப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அறையில், கேமராக்களைப் பார்த்துச் சிக்னல் நேரங்களை மாற்றியமைப்பது என் வேலை. பழங்காநத்தத்தில் லாரி மோதி இறந்துபோன ஒருவரின் மனைவி ஒரு நாள் அங்கே வந்தார்.

"அண்ணே, மோதுனதக் காட்ட வேணாம். அதுக்கு முன்னாடி சிக்னல்ல நின்னிருப்பாருல்ல, அத மட்டும் காட்டுங்க."

அதிகாரியிடம் அனுமதி வாங்கிப் போட்டுக் காட்டினேன். சிவப்பு விளக்கில் அவருடைய கணவர் வண்டியை நிறுத்தியிருந்தார். ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கிவிட்டு முகத்தைத் துடைத்தார். பக்கத்து வண்டியில் இருந்த குழந்தை கையாட்ட, அவரும் சிரித்துக்கொண்டே கையாட்டினார். பச்சை விழுவதற்குள் படத்தை நிறுத்திவிட்டேன்.

"சிரிச்ச மொகமாத்தேன் போயிருக்காரு" என்றார் அந்தப் பெண். அழவில்லை. "இத எம்புள்ளைகளுக்குக் காட்டணும்ணே. போன்ல ஏத்தித் தர முடியுமா?"

வெளியே கொடுக்க விதியில்லை. மேலிடத்துக்கு எழுதிக் கேட்டேன். அனுமதி வந்து சேர்ந்தபோது பழைய பதிவுகள் வழக்கம்போலத் தானாக அழிந்திருந்தன. வழக்குக்காக எடுத்துவைத்த துண்டு மட்டும் மிஞ்சியிருந்தது. அதில் லாரி மோதியது மட்டும்தான் இருந்தது.

பிள்ளைகளோடு வந்து நின்றவரிடம் தயங்கித் தயங்கி அதைச் சொன்னேன்.

"நான் பாத்துட்டேன்லண்ணே, நானே சொல்லிக்கிறேன்" என்றவர், அவர்களைக் கூட்டிக்கொண்டு படியிறங்கிப் போனார்.