இடது பக்கம் கொஞ்சம் மங்கல்

கண்ணாடிக் கடைக்காரர் நாள் முழுவதும் கேட்பது ஒரே கேள்விதான். எதிரே உட்கார்ந்திருப்பவரின் கண்ணுக்கு முன்னால் ஒரு லென்ஸை வைப்பார், எடுப்பார், இன்னொன்றை வைப்பார். "இது தெளிவா இருக்கா, இதுவா?" சில சமயம் எடுத்த லென்ஸையே திரும்ப வைத்துவிட்டு அதே கேள்வியைக் கேட்பார். "ஆங், இப்பதான் சார் பளிச்சுனு இருக்கு" என்பவர்கள் உண்டு. அவர்கள் பொய் சொல்வதில்லை. நன்றாகத் தெரிய வேண்டும் என்று ஆசைப்படுகிறார்கள். ஆசை கண்ணுக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது. அப்படி ஒருவர் போனதும் முன்புறம் கல்லாவில் இருக்கும் மனைவியிடம் வந்து, "இன்னைக்கும் ஒருத்தர் மாத்தாத லென்ஸுல நல்லா பாத்துட்டாரு" என்பார். இருவரும் சிரிப்பார்கள்.

இப்பேர்ப்பட்டவர்தான் வீட்டு ஸ்பீக்கருக்குக் கேபிள் தேர்ந்தெடுக்க ஆரம்பித்து மாதக்கணக்கில் திண்டாடிக்கொண்டிருந்தார்.

காது விஷயத்தில் அவருக்கு நாலு பேர் மத்தியில் ஒரு பெயர் இருந்தது. அடுத்த வீட்டு மின்விசிறி கரகரத்தால் எங்கே தேய்ந்திருக்கிறது என்று இங்கிருந்தே சொல்வார். சொன்னது சரியா என்று யாரும் கழற்றிப் பார்த்ததில்லை. அதனால் பெயருக்குப் பங்கம் வரவில்லை.

கொஞ்ச காலமாக இடது ஸ்பீக்கர் மங்கலாகக் கேட்டது. எந்தப் பாட்டைப் போட்டாலும் பாடுகிறவள் நடுவில் நிற்காமல் வலது ஓரமாக ஒதுங்கி நின்று பாடினாள். ஒயர் பழசு என்று முடிவு கட்டினார். ஒயராகத்தான் இருக்க வேண்டும். ஒயர் இல்லையென்றால் மிச்சம் இருப்பது எது என்பது அவருக்கும் தெரியும். சமீபமாக போனை வலது காதில் மட்டுமே வைத்துப் பேசுவதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. ஒயரைக் கடையில் மாற்றிக்கொள்ளலாம். காதுக்கு அந்த வசதி கிடையாது.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை, ஒலிபெருக்கிக் கடை வைத்திருக்கும் மைத்துனன் ஒரு பை நிறைய கேபிளோடு வந்தான். தோட்டத்துக் குழாய் பருமனுக்கு ஒன்றை எடுத்துத் தரையில் போட்டான்.

"இதுல பாட்டு வருமாடா, தண்ணி வருமா?" என்றாள் அக்காக்காரி.

"சும்மா இரு, அக்கா. மாமா, இது ஆக்ஸிஜனே இல்லாத செம்பு."

"அய்யோ பாவம், மூச்சு முட்டாதா?"

கண்ணாடிக்காரர் சிரிக்கவில்லை. ஒவ்வொரு கேபிளாக மாட்டச் சொல்லி, கண்ணை மூடி, தலையைச் சாய்த்துக் கேட்டார். முதல் கேபிளில் இடது பக்கம் கொஞ்சம் மங்கல். இரண்டாவதில் பரவாயில்லை, ஆனால் இடது பக்கம் கொஞ்சம் மங்கல். வெள்ளி பூசியதில் எல்லாம் பிரமாதம். இடது பக்கம் மட்டும்தான்...

"மாமா, என் கடையில இதுக்கு மேல சரக்கு இல்ல. நான் வேற தொழில் பாக்கறேன்" என்று மைத்துனன் கையை விரித்தான்.

"நீ காபி போடுடா, நான் மாட்டறேன்" என்று மனைவி எழுந்து அலமாரிக்குப் பின்னால் போனாள். எதையோ உருட்டினாள், தட்டினாள், பெருமூச்சு விட்டாள். பாட்டு மறுபடி கிளம்பியது.

"என்னங்க, இது தெளிவா இருக்கா, முன்னாடி போட்டதா?"

அவர் கண் மூடியபடியே கேட்டார். முகம் மலர்ந்தது. "இதுதாம்மா! இடது பக்கம் அப்படியே திறந்துக்கிச்சு பாரு!"

கண்ணைத் திறந்தார். அவள் கையில் துடைக்கும் துணி மட்டும் இருந்தது.

"நான் தூசிதான் தட்டினேன்" என்றாள்.

கடையாக இருந்தால் இருவரும் இந்நேரம் சிரித்திருப்பார்கள். மைத்துனன் மட்டும் அடுப்படியிலிருந்து சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. கடையில் பழகிய அடுத்த கட்டம் அவளுக்குத் தெரியும்: ஆசை பேசுகிறது என்று தெரிந்தால் கேள்வியை வேறு மாதிரி கேட்க வேண்டும். அவர் உட்கார்ந்திருந்த சுழல் நாற்காலியைப் பிடித்து, ஸ்பீக்கர்களுக்கு முதுகு காட்டும்படி மெதுவாகத் திருப்பினாள்.

"இப்ப எந்த ஸ்பீக்கர் மங்கல்?"

அவர் வெகுநேரம் கேட்டார். இதுவரை கணீரென்று இருந்த வலது ஸ்பீக்கர், இப்போது இடது காதுப் பக்கம் வந்ததும் பஞ்சுக்குள் போய்விட்டது. பாடுகிறவள் அவரோடு சேர்ந்து திரும்பியிருந்தாள். கேபிள்கள் எல்லாம் நிரபராதிகள்.

"சொல்லுங்க."

"சொல்ல என்ன இருக்கு?" என்றார். பிறகு, "எப்ப தெரியும் உனக்கு?"

"இடது பக்கம் படுத்து நான் பேசறதுக்கெல்லாம் 'சரி சரி'ங்கறீங்களே, அப்பவே. எதுக்கும் சரி சொல்ற ஆளா நீங்க?" அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். "கண்ணாடி போட வெக்கப்படறவங்க கிட்ட நீங்க என்ன சொல்வீங்க?"

அவர் தினமும் சொல்வதுதான். சொல்லும்போது நல்ல வார்த்தையாகத்தான் இருந்தது. கேட்கும்போது அவ்வளவு நன்றாக இல்லை.

அந்த வாரமே காது பரிசோதனைக்குப் போனார்கள். கண்ணாடித் தடுப்புக்குள் உட்கார வைத்து, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். கேட்காதபோதும் விரல் அழுத்தத் துடித்தது. எழுத்து தெரியாமலே குத்துமதிப்பாகப் படிக்கும் வாடிக்கையாளர்களை அவர் அன்றுதான் மன்னித்தார். விரலைப் பொத்தானிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். நிஜமாகக் கேட்டபோது மட்டும் அழுத்தினார். இடது பக்கத்துக்கு அதிகம் அழுத்த வேண்டியிருக்கவில்லை.

காது கேட்கும் கருவியைப் பொருத்திய பெண் கம்ப்யூட்டரைப் பார்த்தபடி, "இது நல்லாருக்கா சார், இதுவா?" என்று மாற்றி மாற்றிக் கேட்டாள். பொறுமையாகச் சொல்லிக்கொண்டே வந்தவர் ஒரு கட்டத்தில் நிமிர்ந்தார்.

"இப்ப நீங்க எதையுமே மாத்தலையேம்மா."

அந்தப் பெண் நாக்கைக் கடித்துக்கொண்டாள். இடது பக்கம் உட்கார்ந்திருந்த மனைவி வெடித்துச் சிரித்தாள். அவருக்கு அது நன்றாகவே கேட்டது. கொஞ்சம் அதிகமாகவே கேட்டது.

வீட்டில் பழைய ஒயரே இருக்கிறது. பாடுகிறவள் நடுவுக்கு வந்துவிட்டாள். ஆனால் வலது ஸ்பீக்கர் லேசாக இரைகிறது என்று அவர் சொல்ல ஆரம்பித்திருக்கிறார். மைத்துனன் இப்போதெல்லாம் போனை எடுப்பதில்லை.