ஒரு காயில், நான்கு பிளக், வீட்டுக்காரர் வேட்டி

அன்று காலை என் மனைவி என்னை ஆங்கிலத்தில் கூப்பிட்டாள். தொம்மலூரில் நாங்கள் குடியிருந்த வீட்டு வாசலில் நின்று, "ப்ளீஸ் கம் இன்சைட்" என்றாள். பத்தொன்பது வருடத் தாம்பத்தியத்தில் என்னை நோக்கி வந்த முதல் 'ப்ளீஸ்' அது. பயந்துபோனேன். தெருவில் தமிழ் யார் காதிலும் விழக்கூடாது என்று அவளாகவே முடிவு செய்திருந்தாள். ஆற்றுத் தண்ணீர்த் தகராறில் பெங்களூர் கொதித்துக்கொண்டிருந்த தொண்ணூறுகளின் தொடக்கம் அது. தமிழ்நாட்டுப் பதிவெண் உள்ள வண்டிகளைக் கொளுத்துகிறார்கள் என்று பால்காரர் சொன்னார். எங்கே என்று கேட்டால் பொதுவாகக் கிழக்கே கை காட்டினார். எங்கள் வாசலில், டி.என். என்ற இரண்டு எழுத்தை நெற்றியிலும் முதுகிலும் எழுதிக்கொண்டு என் பழைய கார் நின்றது. மூன்று வாரமாக அது ஸ்டார்ட் ஆகவில்லை.

வீட்டுக்காரர் ஹனுமந்தையா நல்ல மனிதர். என்னோடு பேசுவதற்கென்றே அவர் ஒரு தமிழைத் தயாரித்து வைத்திருந்தார். "ஸார், சாயங்காலத்துக்குள்ளே காடி உள்ளே ஹாக்பிடி, விட்டுடுங்க. பின்னாடி ஷெட் காலி இதெ. வெளியே நின்னா நான் ஜவாப்தாரி இல்லை" என்றார். ஷெட்டுக்குப் போகும் சந்து செங்குத்தான மேடு. தள்ளி ஏற்ற நான்கு பேராவது வேண்டும். நான்கு பேரைக் கூப்பிட்டால் நான்கு பேரும் நம்பர் பிளேட்டைப் படிப்பார்கள். அல்சூரில் இருந்த என் மெக்கானிக்கும் தமிழர்தான். ஷட்டரை இறக்கிவிட்டு எங்கோ போய்விட்டார். போன மாதம் அவர் எழுதிக்கொடுத்து நான் வாங்கிவந்த நான்கு ஸ்பார்க் பிளக்கும் ஒரு இக்னிஷன் காயிலும் அலமாரியில் அகராதிக்குப் பக்கத்தில் இருந்தன. அகராதியைப் போலவே அவற்றையும் வாங்கியதோடு சரி, பிரித்ததில்லை.

திருச்சியில் இருந்தவரை நான் பானட்டைத் திறந்ததே கிடையாது. அங்கே நடுத்தெருவில் கார் நின்றால் அது ஊர்ப் பொதுக்காரியம். டீக்கடையிலிருந்து ஒருவர், "என்னண்ணே, மக்கர் பண்ணுதா?" என்பார். இன்னொருவர் பெட்ரோல் இருக்கிறதா என்று சந்தேகப்படுவார். யாரும் கேட்காமலே நாலு பேர் தள்ளுவார்கள். தள்ளி முடித்ததும் காரையும் என்னையும் சேர்த்துத் திட்டுவார்கள். அந்த வசவில் ஒரு பாதுகாப்பு இருந்தது என்பதெல்லாம், இதைத் திருச்சியில் உட்கார்ந்து படிக்கும் உங்களுக்குத் தெரிய நியாயமில்லை. மாற்றலாகி இங்கே வந்ததும் பதிவெண்ணையும் மாற்றியிருக்க வேண்டும். சோம்பலால் மாற்றவில்லை என்று நண்பர்களிடமும், பற்றினால் மாற்றவில்லை என்று எனக்குள்ளும் சொல்லிவந்தேன். மூன்று வருடம் இரண்டும் செல்லுபடியாயின. அன்று காலை இரண்டுமே அசட்டுத்தனமாகத் தெரிந்தன.

நம்பர் பிளேட் இரண்டிலும் கோணியைத் தொங்கவிட்டு வேலையைத் தொடங்கினேன். முதலில் பாட்டரி ஒயரைக் கழற்றினேன். அப்படியும் காயிலைத் தொடக் கை வரவில்லை. பன்னிரண்டு வோல்ட்டை வாங்கி, பல ஆயிரமாகப் பெருக்கி அனுப்புகிற உருளை அது. பால்காரரும் அதே தத்துவத்தில்தான் இயங்கினார். ஒருவழியாகப் புதிய காயிலை மாட்டினேன். அடுத்து பிளக்குகள். நான்கு பிளக்குக்கும் தனித்தனி ஒயர். அவை இடம் மாறினால் விபரீதம் என்று மெக்கானிக் சொல்லியிருந்தார். எனவே படித்தவன் செய்வதைச் செய்தேன். 'ஒன்று', 'இரண்டு', 'மூன்று', 'நான்கு' என்று அழகான கையெழுத்தில் சீட்டு எழுதி, ஒயர்களில் நூலால் கட்டிவிட்டு, நான்கையும் ஒன்றாகப் பிடுங்கினேன்.

காபி கொண்டுவந்த மனைவி பானட்டுக்குள் எட்டிப் பார்த்தாள். "வாட் இஸ் திஸ்? தமிழ் லெட்டர்ஸ்! ஆர் யூ மேட்?"

அவள் சொன்ன பிறகு அந்தச் சீட்டுகள் எனக்கு மாநாட்டுப் பந்தல் தோரணம் போலத் தெரிந்தன. நான்கையும் பிய்த்துக் கசக்கினேன். விழுங்கிவிடலாமா என்றுகூட யோசித்துவிட்டுப் பாக்கெட்டில் திணித்தேன். வெறும் எண்ணாக எழுதியிருக்கலாமே என்பது அதற்கப்புறம்தான் உறைத்தது. அதற்குள் நான்கு ஒயரும் ஒரே முகஜாடையோடு தொங்கிக்கொண்டிருந்தன. புதிய பிளக்குகளை முடுக்கி, ஒயர்களைக் குத்துமதிப்பாகச் சொருகினேன். பாட்டரியை மாட்டி, உள்ளே உட்கார்ந்து சாவியைத் திருப்பினேன். கார் நாலு தடவை இருமிவிட்டு அடங்கியது.

அந்தச் சத்தம் தெருவை எழுப்பிவிட்டது. எதிர்வீட்டு ஆட்டோக்காரர் மஞ்சுநாத் இரண்டு நண்பர்களோடு ஓடிவந்தார். மூவரும் கையை உயர்த்தி, "ஹொடி! ஹொடி!" என்று கத்தினார்கள். எனக்குத் தெரிந்த கன்னடம் ஐம்பது சொல்தான். கெடுவாய்ப்பாக அந்த ஐம்பதில் இதுவும் ஒன்று. ஹொடி என்றால் அடி. கண்ணாடியை ஏற்றிக் கதவைப் பூட்டினேன். மஞ்சுநாத் கண்ணாடிக்கு அருகே முஷ்டியை வைத்து முறுக்கிக் காட்டினார். என் கழுத்தைச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். வாசலில் மனைவி எந்த மொழியும் இல்லாமல் நின்றாள். எப்படியாவது தப்பிவிட வேண்டும் என்று சாவியை மறுபடி திருப்பினேன்.

டமார்!

சைலன்ஸர் வெடித்த வெடியில் எதிர்ச்சாரிக் கடைகளின் ஷட்டர்கள் மடமடவென்று இறங்கின. மூவரும் ஓடிப்போய் ஆட்டோவுக்குப் பின்னால் பதுங்கினார்கள். அங்கிருந்து எட்டிப் பார்த்த மூன்று முகங்களும், காலையில் சவரம் செய்யும்போது நான் கண்ணாடியில் பார்த்த அதே பயந்த முகமாகவே இருந்தன.

மஞ்சுநாத்தான் முதலில் வந்தார். "ஏன் ஸார், பாம் இட்டிதீரா? ஸெல்ஃப் ஹொடி, ஸெல்ஃப் ஹொடின்னு சொல்றேன், நீங்க கதவு பூட்டிக்கிறீங்க!"

திருச்சி மெக்கானிக்கும் "செல்ஃப் அடிங்க சார்" என்றுதான் சொல்வார். ஸ்டார்ட்டரை இயக்க அங்கேயும் அதே அடிதான். ஆனால் அவர் சொல்லி நான் ஒரு நாளும் கதவைப் பூட்டிக்கொண்டதில்லை.

மஞ்சுநாத் இரண்டு ஒயர்களை இடம் மாற்றினார். "உங்க காடிய யாரும் சுட வேணாம் ஸார். நீங்களே சுட்டுடுவீங்க" என்றார். நண்பர்கள் சிரித்தார்கள், நானும் சற்றுத் தாமதமாகச் சிரித்தேன். வெடித்த அதிர்வில் இரண்டு கோணியும் நழுவிக் கிடந்தன. அவர் நம்பர் பிளேட்டைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. அது எந்த வகை மௌனம் என்று நான் கணக்கிடுவதற்குள், தெருமுனையைத் திரும்பிப் பார்த்துக் குரலைத் தாழ்த்தி, "பேக ஸார், பேக. சீக்கிரம் எடுங்க" என்றார்.

அடித்தேன். இஞ்சின் பிடித்துக்கொண்டது. மூவரும் பின்னால் கைகொடுக்க, கார் சந்து மேட்டில் ஏறி ஷெட்டுக்குள் நுழைந்தது. முழுவதும் நுழையவில்லை. ஹனுமந்தையாவின் ஷெட் ஸ்கூட்டருக்காகக் கட்டியது. முன்பக்கம் சுவரில் முட்டி நின்றபோது பின்பக்கம் ஒன்றரை அடி வெளியே துருத்திக்கொண்டிருந்தது, சரியாக அந்த இரண்டு எழுத்துகளோடு. ஹனுமந்தையா ஒரு கணம் யோசித்தார். கொடியில் காய்ந்துகொண்டிருந்த தன் வேட்டியை உருவிவந்து டிக்கியின் மேல் போர்த்தி, நுனியைப் பம்பருக்கு அடியில் செருகிவிட்டு உள்ளே போய்விட்டார்.

எல்லோரும் போன பிறகு நான் மட்டும் நின்றேன். காற்றில் வேட்டி நுனி விடுபட்டு மேலே எழுந்தது. இழுத்துச் செருகக் குனிந்தேன். எழுத்துகளின் மேல் மூன்று வாரத்துத் தூசியும் சேறும் அப்பியிருந்தன. சந்தின் இரு பக்கமும் பார்த்தேன்; யாரும் இல்லை. தோள் துண்டை எடுத்து, டி.யையும் என்.னையும் நன்றாகத் துடைத்துப் பளிச்சென்று ஆக்கினேன். பிறகு வேட்டியை இழுத்து மூடினேன்.