கோதுமை ரவைக்குத் தாளித்தவள்

ரேணுகாம்பாள், முசரவாக்கம் முனிரத்தினத்தின் இரண்டாம் தாரத்து மகள். செவிலிமேட்டுப் பொன்னியம்மாளுக்கு ஓரகத்தி. புருஷன் போனபின் பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் மதிய உணவு சமைத்தாள். அந்தச் சம்பளத்தில்தான் அவள் பெற்ற இரண்டு பெண்களுக்கும் உலை கொதித்தது.

அறுபத்தேழில் அரிசி கிடையாது. அமெரிக்காவிலிருந்து கோதுமை ரவை மூட்டையும் பால் பவுடரும் வந்தன. எப்படிச் சமைக்க வேண்டும் என்று அட்டவணையும் வந்தது. ரவையைப் பால் பவுடரோடு வேகவைத்து லேசாக உப்பு, அவ்வளவுதான். பிள்ளைகள் அதைப் பக்கத்து வீட்டு எருமைக்கு வைத்தார்கள். எருமை கொழுத்தது, பிள்ளைகள் இளைத்தார்கள். ரேணுகாம்பாள் தன் வீட்டு மிளகும் சீரகமும் சுக்கும் தட்டிப் போட்டு, கறிவேப்பிலை தாளித்து இறக்கினாள். அன்றோடு எருமை பட்டினி.

மேற்பார்வை பார்க்கும் கலியாணசுந்தரத்துக்குப் பொறுக்கவில்லை.

“அட்டவணையில மொளகு எங்கமா இருக்குது? வெள்ளிக்கிழம ரவ அனுப்புற அமெரிக்காக்கார துரையே வராரு. உன்ன நிறுத்திட்டுத்தான் மறுவேல.”

வெள்ளிக்கிழமை ஜீப்பில் துரை வந்தார். ரேணுகாம்பாள் அன்று இரண்டு அண்டா ஏற்றியிருந்தாள். இரண்டு இலை போட்டு, அட்டவணைக் கஞ்சியைத் துரைக்கும் கலியாணசுந்தரத்துக்கும் ஊற்றினாள்.

“வந்தவங்க சாப்ட்டு கை கழுவாம புள்ளைங்க சோத்த தொடாதுங்கன்னு துரைகிட்ட சொல்லுபா.”

எதிரே நூற்றிருபது பிள்ளைகள் தட்டோடு பார்த்துக்கொண்டிருந்தார்கள். துரை ஒரு வாய் விழுங்கி, மரியாதைக்கு, “நல்லா இருக்குது” என்று அவர் பாஷையில் சொன்னார். நல்லாயிருக்கிறது என்றால் நம் வீட்டில் இன்னும் வேண்டும் என்றுதானே பொருள்? இன்னொரு கரண்டி விழுந்தது.

“போதும்மா!” என்று பதறினார் கலியாணசுந்தரம்.

“நீ இன்னாபா கூச்சப்படுற? உன் அட்டவணதானே!” அவர் இலையிலும் ஒரு கரண்டி.

மூன்றாவது கரண்டிக்குள் துரையின் மூக்கு அடுத்த அண்டாவைக் கண்டுபிடித்துவிட்டது. அது என்ன என்று விரலை நீட்டினார்.

“அது புள்ளைங்களுக்கு. அதே ரவதான்.”

கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். கண்ணில் நீர் கொட்டியது. இலையைத் துடைத்துவிட்டுத்தான் எழுந்தார். காகிதத்தில் ஏதோ கிறுக்கிக் கலியாணசுந்தரத்திடம் நீட்டினார்.

கலியாணசுந்தரம் ஈனக்குரலில் வாசித்தார். “இந்தம்மாவே சமைக்கட்டுமாம். ரவ மட்டும் அவங்க குடுப்பாங்களாம். மொளகு, சீரகமெல்லாம் ஊர் பொறுப்பாம்.”

“இத்தினி நாளும் பின்ன யாரு போட்டாங்களாம்?” என்றாள் ரேணுகாம்பாள். பிறகு பிள்ளைகள் பக்கம் திரும்பிப் பந்தியில் உட்காரச் சொன்னாள்.