சமையல்கட்டை வெட்டிவிட்ட கல்யாண வீடியோ

போதும், இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டு இருந்தது.

அந்தக் காலத்து வீடியோ லைட்டின் சூடு நினைவிருக்கிறதா? பக்கத்தில் வந்தாலே முகம் எரியும்... சித்தூர் மண்டபத்தில் அண்ணன் கல்யாணத்தன்று அந்த லைட் சமையல்கட்டுக்குள்ளும் வந்தது. அங்கே அம்மா மாங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். முந்தானையால் பாதி முகத்தை மூடிக்கொண்டு சிரித்தாள்.

“என்ன எதுக்குப்பா புடிச்சிக்கினு கீற? போ, பொண்ணு மாப்பிளைய புடி!”

அரை நிமிஷம் இருக்கும். அம்மா அசைந்து, பேசி, சிரித்துப் பதிவானது அது ஒன்றுதான். வீட்டுக்கு வீடு கேமரா போன் வருவதற்கு முன்பே போய்விட்டாள்.

கேசட் திருப்பதியில் அண்ணனிடம் இருந்தது. போட்டுப் பார்க்க பிளேயர் இல்லை. கடையில் கொடுத்து பென்டிரைவில் ஏற்றித் தா என்று நான்தான் நச்சரித்தேன். போன மாதம் அம்மா திதிக்கு வந்தவன் கொண்டுவந்தான். டிவியில் போட்டோம். மேளம், தாலி, மேடையில் போட்டோ வரிசை... முடிந்துவிட்டது.

“சமையல்கட்டு எங்கண்ணா?”

“பந்தி, அடுப்படி எல்லாம் எட்த்துட சொல்ட்டேன். மூணு மணி நேரம் எவன் உக்காந்து பாப்பான்?”

“கேசட்டு?”

“கடையிலயே உட்டுட்டேன். பூஞ்ச புடிச்சத வெச்சிக்கினு இன்னா பண்றது?”

மறுநாளே திருப்பதிக்கு பஸ் ஏறினேன். கடைக்காரர் கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல், “பாரேசாம் அன்னா” என்றார். தூக்கிப் போட்டுவிட்டார்களாம்.

அண்ணனோடு பேசுவதை அன்றே விட்டேன். அவன் போனில் அவன் நாய்க்கு மட்டும் நூறு வீடியோ இருக்கிறது. அன்றைக்கு ஊருக்கு ஒரு கேமரா, அம்மா இருந்தாள். இன்றைக்கு எல்லார் கையிலும் கேமரா...

மாப்பிள்ளையைப் பெற்றவள் மேடையில் இல்லாமல் சமையல்கட்டில் ஏன் இருந்தாள் என்று கேட்பீர்கள். நைனா இறந்து அப்போது இரண்டு வருஷம்.

“முகூர்த்தம் முடியிற வரைக்கும் மேட பக்கம் வராதம்மா. பொண்ணு ஊட்டுக்காரங்க எதனா சொல்லுவாங்க.”

இதைச் சொன்னது அண்ணன் இல்லை. அவன் மாலையோடு பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். சொன்னது, அந்த வீட்டிலேயே அதிகம் படித்த நான். அம்மா “சரிப்பா” என்று மட்டும் சொல்லிவிட்டு அரிவாள்மணையைத் தேடிப் போனாள்.

மேடையில் நின்றிருந்தால் அவளை யாரும் வெட்டியிருக்க முடியாது.

பெயர் போடாமல்தான் இதைப் போடுகிறேன். போட்டால் அண்ணன் கமெண்டில் வந்து ஒன்றே ஒன்றுதான் கேட்பான்: “அம்மாவ சமையல்கட்டுக்கு அனுப்ச்சது யாரு?”