அப்பா விடாத மூன்று கல்

வழுவழுப்பான கல்லைப் பலகையில் வைக்கும்போது "டொக்" என்று ஒரு சத்தம் வரும். ஏவன்டேலில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டில், அந்தக் குளிர்காலம் முழுக்க, ஞாயிற்றுச் சந்தையில் வாங்கிய கீரையின் ஈரம் மேசையில் காய்வதற்கு முன்பே அப்பாவும் நானும் கோ ஆட உட்கார்ந்துவிடுவோம். கறுப்பும் வெள்ளையுமாகக் கல் வைத்து இடம் பிடிக்கிற ஆட்டம் அது. சுற்றி வளைத்துவிட்டால் கல் போய்விடும். பள்ளிக்கூடத்தில் நான் கற்று வந்து அப்பாவுக்குச் சொல்லிக் கொடுத்தேன்.

வீட்டில் யாருக்கும் நிலைகொள்ளவில்லை. ஈப்போவிலிருந்து இந்த நாட்டுக்கு வந்த எங்களுக்கு விசா முடியவிருந்தது. ஈஸ்ட் டாமாக்கியில் அப்பா ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிய கிடங்கின் முதலாளி புது விசாவுக்குக் கையெழுத்துப் போட வேண்டும். அடுத்த மாதம், அடுத்த மாதம் என்றே சொல்லிக்கொண்டிருந்தார். ஆட்டத்துக்கு நடுவில் அப்பா எழுந்துபோய் ஃபோனைப் பார்ப்பார். அம்மா கழுவின தட்டையே மறுபடி கழுவுவார்.

ஒரு ஞாயிறு அப்பா தோற்றார். கல்லை அள்ளப் போனவரை நிறுத்தினேன். ஆட்டம் முடிந்தால் முதலிலிருந்து ஒவ்வொரு கல்லாகத் திரும்ப வைத்து, எங்கே தப்பு என்று இரண்டு பேரும் சேர்ந்து பார்க்க வேண்டும். அதுதான் வழக்கம்.

"தோத்தவன உக்கார வெச்சு தோண்டுறதா? நல்ல வழக்கம் லா," என்றார். ஆனாலும் உட்கார்ந்தார்.

ஓரத்தில் அவருடைய மூன்று கல் மாட்டிக்கொண்ட இடம் வந்ததும் கையை நிறுத்தினேன்.

"இங்கதான்ப்பா. இந்த மூணையும் விட்டிருக்கணும்."

"எப்படி விடறது? கஷ்டப்பட்டு வெச்சது."

"அதக் காப்பாத்த மேல மேல கல்லு போட்டீங்க. இந்தப் பக்கமே போச்சு."

"இன்னும் ஒண்ணு வெச்சிருந்தா தப்பிச்சிருக்கும்."

"அப்பவும் அதான் சொன்னீங்க."

தட்டு கழுவும் இடத்திலிருந்து அம்மா சொன்னார்: "அந்தக் கம்பெனியப் பத்தியும் இதேதான். வேற எடம் பாருங்கன்னா, இன்னும் ஒரு மாசம், இன்னும் ஒரு மாசம்."

நான் கல்லைப் பற்றித்தான் சொன்னேன். அப்பா பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, மாட்டிக்கொண்ட கல்லை அப்படியே விட்டுவிட்டு, வேறு மூலையில் ஒரு கல் வைத்தார்.

"இங்க வெச்சிருந்தா?"

"ஜெயிச்சிருப்பீங்க."

அந்த வாரமே வேறு வேலை தேடத் தொடங்கினார். தினமும் போய்வர முடியாத தூரத்தில், ஹாமில்டனில் கிடைத்தது. அங்கே முதலாளி கையெழுத்துப் போட்டார், விசா வந்தது. அப்பா அங்கேயே அறை எடுத்துத் தங்கினார். ஞாயிறு வீட்டுக்கு வந்தால் தூங்குவார். எழுப்ப எனக்கு மனம் வராது. பலகை அலமாரி மேலேயே கிடந்தது.

இப்போது எல்லோருக்கும் குடியுரிமை இருக்கிறது. அந்த வீட்டை இடித்து மாடி வீடுகள் கட்டிவிட்டார்கள். பாட்டனி டவுன்ஸில் ஒரு கடையில் எனக்கு வேலை. ஓய்ந்த நேரத்தில் ஃபோனில் கோ ஆடுகிறேன். ஆட்டம் முடிந்த உடனே தப்பாக வைத்த இடத்தையெல்லாம் அதுவே சிவப்பாகக் காட்டிவிடும். போன ஞாயிறு வீட்டில் ஆடிக்கொண்டிருந்தபோது அப்பா எட்டிப் பார்த்தார்.

"இதோட சண்ட போட முடியுமா?"

"முடியாதுப்பா. அது சொன்னா சொன்னதுதான்."

"அப்புறம் எதுக்கு?" என்றார். பிறகு கார்ச் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். ஹாமில்டனில் தனியாக இருந்துவிட்டுத் திரும்பிய பிறகு அவருக்கு வீட்டில் உட்காரத் தெரியவில்லை.