வலமிருந்து இடமாக

இடது கை திருகாணியைக் கழற்றியது. வலது கை தையல் மெஷினை அசையாமல் அழுத்திக்கொள்ள மட்டுமே உதவியது. கழன்ற திருகாணி, மேசையில் விரித்திருந்த வெள்ளைத் துண்டில் போய் உட்கார்ந்தது.

பக்கவாதம் வந்து எழுந்தபின் மெக்கானிக் தொடும் முதல் மெஷின் இது. தெருவில் அவருக்கு 'நிதானம்' என்றுதான் பெயர். என்ன கோளாறானாலும் முழுசாகப் பிரித்து, முதலிலிருந்து பார்த்துக்கொண்டு வந்தால்தான் மனசு ஆறும். மனைவி நேர் எதிர். சத்தத்தைக் கேட்டதுமே கோளாறு இன்னதென்று சொல்லிவிடுவாள். பாதி நேரம் சரியாகவும் இருக்கும். கல்யாணமான புதிதில் ஒருவரையொருவர் மாற்றப் பார்த்து, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகும் முன்பே இருவரும் அந்த முயற்சியைக் கைகழுவிவிட்டார்கள்.

"தையல் தாவுதா? ஊசித் தண்டு இறங்கியிருக்கும். அத ஏத்தி வெச்சு திருகாணிய முடுக்கினா முடிஞ்சுது."

"பாப்போம்."

அவளுடைய கவலை மெஷினைப் பற்றியதல்ல. வலது கை பழையபடி வராது என்று டாக்டர் சொன்னபோதுகூட அவள் கலங்கவில்லை. இந்த மனுஷனின் மண்டைக்குள் இருந்த வரிசை குலைந்திருந்தால்? அதை எந்த டாக்டரிடம் கேட்பது?

எட்டிப் பார்த்தாள். கழற்றிய வரிசைப்படி இடமிருந்து வலமாக அடுக்குகிறவர் அவர். இன்றோ முதலில் கழற்றியது வலது ஓரத்தில் கிடந்தது. அவர் எண்ணெய் எடுக்கத் திரும்பிய நேரத்தில், கண்டுபிடிக்கிறாரா பார்ப்போம் என்று இரண்டு திருகாணிகளைச் சட்டென்று இடம் மாற்றி வைத்தாள்.

திரும்பியவரின் கை துண்டின்மேல் நின்றது.

"யாரு கை வெச்சது?"

"பூனையா இருக்கும்."

"பூனை திருகாணிய நிக்க வெச்சுட்டுப் போகாது." அவர் இரண்டையும் பழைய இடத்துக்கு மாற்றினார். "இப்ப இடது கைதானே வேலை செய்யுது? அதான் இந்தக் கோடியிலேருந்து ஆரம்பிச்சேன். பாதி பாத்துட்டு மிச்சத்த நீயே முடிவு பண்ணிட்ட."

"நான் என்னிக்கு முழுசா பாத்தேன்?" என்றாள். சிரிப்பு வந்தது; கண்ணையும் துடைத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

கடைசியில் ஊசித் தண்டுதான் இறங்கியிருந்தது.

"நான் சொல்லல? அப்புறம் எதுக்கு இவ்வளவையும் பிரிச்சீங்க?"

"நீ சொன்னது சரிதானான்னு பாக்க வேணாமா?"

சாயங்காலம் தையல்காரம்மா வந்தார். துணுக்குத் துணியில் தையல் ஒன்றுகூடத் தாவாமல் ஓடியதைப் பார்த்துத் தலையாட்டினார். கனமான மெஷினை ஒரு பக்கம் இடது கையால் மெக்கானிக்கும், மறுபக்கம் மனைவியுமாகத் தூக்கினார்கள்.

"மெதுவா," என்றார் அவர்.

"சீக்கிரம்," என்றாள் அவள்.

மெஷின் தையல்காரம்மாவின் கைகளுக்குப் போய்ச் சேர்ந்தது.