திறக்காத கதவைப் புகழ்ந்தவன்

கார் கழுவும் இடத்தில் அவனை ஜட்ஜ் என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் சும்மா கிடக்கிறது. எந்த வீடியோ கேமைப் பற்றிக் கேட்டாலும் சரி, நுரை சொட்டும் கையோடு நின்று தீர்ப்புச் சொல்லிவிட்டுத்தான் அடுத்த வண்டியைத் தொடுவான். வயசு இருபத்து மூன்று. இந்தப் பைத்தியம் பிடித்தது பதினொன்றில்.

தீர்ப்பு எல்லாம் கறார். போகிற வழிக்கெல்லாம் அம்புக்குறி போட்டுக் காட்டுகிற கேம் அவனுக்கு ஆகாது. “கையப் புடிச்சு பாத்ரூமுக்குக் கூட்டிட்டுப் போற மாதிரி இருக்கு” என்பான். காசு கட்டினால் பெரிய துப்பாக்கி தருகிற கேம் என்றால் வாயில் நல்ல வார்த்தையே வராது. எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று: கேமில் பாட்டும் மேளமும் இருக்கக் கூடாது. காலடிச் சத்தம் கேட்கணும், காற்று கேட்கணும், அவ்வளவுதான்.

“மியூசிக் போட்டா, இப்ப பயப்படு, இப்ப அழுன்னு அவனே சொல்லிடுறான். அப்புறம் நான் எதுக்கு?”

“ஆமாம்பா, நீ இல்லாட்டி உலகமே ஓடாது. அந்தச் சக்கரத்தத் தேய் முதல்ல” என்பார் பாலிஷ் போடுகிற அண்ணன்.

அவனுக்கு உயிரான கேம் ஒன்று உண்டு. தபால்காரன் ஒருவன் ஒரே ஒரு கடிதத்தை எடுத்துக்கொண்டு, ஆளில்லாத ஊர் ஊராக நடப்பான். சண்டை கிடையாது, பேச்சு கிடையாது. கடைசியில் மலை மேல் ஒரு வீடு. கதவைத் தட்டுவான். மழை பிடித்துக்கொள்ளும். கதவு திறக்காது. எந்தப் பட்டனை அழுத்தினாலும் ஒன்றும் நடக்காது. அவன் நிற்பான், மழை பெய்யும். நாமாக ஸ்விட்சை அணைத்தால்தான் உண்டு. ஒன்பது தடவை அந்தக் கதவு வரைக்கும் போயிருக்கிறான். இதைவிட நல்ல முடிவை எவனாலும் செய்ய முடியாது என்று சத்தியம் பண்ணுவான்.

சோப்புத் தண்ணீரில் ஊறி ஊறி அவன் விரலிடுக்கெல்லாம் வெடித்துப் போயிருந்தது. கட்டைவிரலை மடக்கினால் ரத்தம் கசியும். “இந்த வேலையை விடு, இல்லாட்டி கை போயிடும்” என்று டாக்டர் சொல்லி எட்டு மாசம் ஆகிறது. எட்டாவது வகுப்போடு நின்றவனுக்கு யார் வேறு வேலை வைத்திருக்கிறார்கள்?

மருந்துக்கடையில் வேலை செய்யும் அக்காதான் அந்த விளம்பரத்தைப் பார்த்தாள். கேம் தயாரிக்கிற ஒரு கம்பெனிக்கு, ஆடிப் பார்த்துக் கருத்துச் சொல்ல ஆள் வேண்டுமாம். படிப்பு முக்கியமில்லையாம்.

“இத்தனை வருஷமா பேசியே என்னைக் கொன்னியே, அங்க போய் அவங்களக் கொல்லு” என்று சட்டையை இஸ்திரி போட்டுக் கொடுத்தாள்.

இரண்டாவது மாடியில் ஓர் அறை. மேசைக்கு அந்தப் பக்கம் பொறுப்பாளர் அம்மா. பக்கத்தில், கழுத்தில் ஹெட்போன் மாட்டிய ஒருத்தன். உங்களுக்குப் பிடித்த முடிவு எது என்று அந்த அம்மா கேட்டார். இவனுக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி. பத்து நிமிஷம் பேசினான். “அந்தக் கதவு திறந்திருந்தா அது வெறும் கதைங்க. திறக்காததாலதான் இன்னும் அவன் எனக்குள்ள நின்னுட்டிருக்கான்” என்றான். அந்த அம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் காதுகொடுத்துக் கேட்டார்.

ஹெட்போன்காரன் குபீரென்று சிரித்துவிட்டான்.

“பாஸ், அந்தக் கதவு திறக்கும். நீங்க திருட்டுக் காப்பி டிஸ்க்லதான ஆடுனீங்க?”

இவன் தலையாட்டினான். வேறு எங்கே வாங்கியிருக்கப் போகிறான்? பஸ் ஸ்டாண்டு படிக்கட்டுக்கு அடியில் இருந்த சிடி கடையில், ஒரே டிஸ்கில் ஆறு கேம் கிடைக்கும்.

“இடம் பத்தாதுன்னு பாட்டு, பேச்சு, நடுவுல வர்ற படம் எல்லாத்தையும் வெட்டி எறிஞ்சிடுவாங்க. கதவு திறந்ததும் எட்டு நிமிஷம் படம் ஓடணும். படம் இல்லாததால கேம் அங்கயே மாட்டிக்கிச்சு. நீங்க பார்த்தது முடிவு இல்ல பாஸ். ஹேங் ஆனது.”

“சிரிக்க என்ன இருக்கு இதுல?” என்று அந்த அம்மா அவனை அதட்டினார். பிறகு முழுக் கேமையும் ஒரு பென் டிரைவில் போட்டு இவனிடம் கொடுத்தார். “ஆடிட்டு ஒரு பக்கம் எழுதிட்டு வாங்க. திங்கக்கிழமை பார்க்கலாம்.”

இவன் காதில் அது விழுந்ததோ என்னவோ. மனசுக்குள் ஒவ்வொரு கேமாக எண்ணிக்கொண்டிருந்தான். சத்தமில்லாததால் பிடித்தது என்று சொல்லித் திரிந்த அத்தனையும் அந்தப் படிக்கட்டுக் கடையில் வாங்கியது.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் ஆடினான். முதல் அடி வைக்கும்போதே வயலின் இழுக்க ஆரம்பித்தது. தபால்காரன் என்ன நினைக்கிறான் என்று ஒரு குரல் விடாமல் சொல்லிக்கொண்டே வந்தது. கடைசியில் கதவு திறந்தது. உள்ளே விளக்கு, குழந்தைகள், கட்டிப்பிடி, பாட்டு. பின்னால் உட்கார்ந்து பார்த்த அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“நல்லாத்தான இருக்கு? ஏன் மூஞ்சிய இப்படி வெச்சிருக்க?”

“சகிக்கலக்கா.”

“அப்ப சகிக்கலன்னு எழுது. நீதான ஜட்ஜு?”

“நானா ஜட்ஜு? இடம் பத்தலன்னு வெட்டினானே கடைக்காரன், அந்தாளுதான் ஜட்ஜு. அவன் எதை விட்டு வெச்சானோ அது எனக்குப் புடிச்சுது. எதை வெட்டினானோ அது புடிக்கல. எனக்குன்னு இதுல என்னக்கா இருக்கு?”

அக்கா தூங்கப் போனதும் பழைய டிஸ்கைப் போட்டு அந்தக் கதவு முன்னால் ஒரு தடவை போய் நின்று பார்த்தான். மழை பெய்தது. மிஷின் கெட்டுப்போய் நிற்கிற மாதிரிதான் தெரிந்தது. இரண்டு நிமிஷம்கூட நிற்க முடியாமல் அணைத்துவிட்டான்.

திங்கட்கிழமை அந்த அம்மா அவன் காகிதத்தை வாங்கிப் படித்தார். நாலே வரி. இசை நன்றாக இருக்கிறது. குரல் நன்றாக இருக்கிறது. கதை புரிகிறது. முடிவு மனதைத் தொட்டது. காகிதத்தைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார். ஒன்றுமில்லை.

“அன்னைக்கு அந்தக் கதவப் பத்திப் பேசினீங்களே. அத ஏன் எழுதல?”

“அது தெரியாம பேசினதுங்க. தப்பு.”

“தப்புன்னு யார் சொன்னது உங்களுக்கு?”

இவன் வெடித்த விரலைச் சட்டை ஓரத்தில் தேய்த்துக்கொண்டிருந்தான். அந்த அம்மா கொஞ்ச நேரம் காத்திருந்தார்.

“இந்த நாலு வரிய எழுத இங்கயே ஆள் இருக்காங்க தம்பி” என்று காகிதத்தை மடித்து இவன் பக்கம் நகர்த்தினார். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தேவலை.

படி இறங்கும்போது அக்கா போன் பண்ணினாள்.

“என்னாச்சு?”

“எடுக்கல.”

“என்னடா எழுதின?”

“உனக்குப் புடிச்சதெல்லாம் எழுதினேன்.”

அந்தப் பக்கம் யாரோ இருமல் மருந்து கேட்பது கேட்டது. “இருடா, வெச்சிடாத” என்று அக்கா போனை மேசைமேல் வைத்தாள். மூன்று வேளை, சாப்பாட்டுக்கு அப்புறம், ரெண்டு மூடி என்று யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தாள். இவன் போனைக் காதில் வைத்தபடி சுவரோரமாக ஒதுங்கி நின்றான். மேலே ஏறுகிறவர்கள் இவனைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார்கள். அக்கா திரும்பி வந்து இரண்டு தடவை ஹலோ சொன்னாள். இவன் அந்தக் கதவு முன்னால் நின்ற தபால்காரன் மாதிரி நின்றுகொண்டே இருந்தான்.